ஒரு கைப்பிடி கம்பு எத்தனை கிராம்?

மேட்டாங்காடு:
நேத்து ஒரு வீடியோ பாத்தேனுங்க. காலையில லேயர் தீவனம் (முட்டைக்கோழிக்குன்னே விக்கிற மூட்டைத் தீவனம்) வெச்சிட்டு, "சாயங்காலம் கோழிக்கு ஒரு கைப்பிடி கம்பு போடுங்க, முட்டை கூடும்"னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொல்றார். கீழ வரிசையா "நன்றி அண்ணா". எனக்கு ராத்திரி சோறு இறங்கலை. எந்திரிச்சுப் போய் அள்ளி நிறுத்தேன். 45 கிராம். முட்டைக்கோழி ஒரு நாளைக்குத் தின்கிறதே 110, 120 கிராம்தானுங்க. அதுல 45 கம்பு போச்சுன்னா தீவனம் எங்க போகும்? தீவனத்துல கால்சியம் நூத்துக்கு 4 கிட்ட இருக்கு. கம்புல பேருக்குத்தான். ஒரு முட்டை ஓட்டுக்கே 2 கிராம் கால்சியம் வேணும், தின்கிறதுல பாதிக்குப் பக்கம்தான் உடம்புல ஒட்டும். நாளைக்கு ஓடு கட்டாத தோல்முட்டை போட்டுதுன்னு யாரும் வந்து நிக்காதீங்க.

கரிசல்கம்பு:
45 கிராமா? அது கையா, மம்பட்டியா அண்ணாச்சி? நானும் இப்பதான் அள்ளுனேன். 28. எங்க ஆச்சி காலத்துல இருந்து கம்பு தின்னு வளர்ந்த கோழிக எங்க வீட்டுக் கோழிக. தோல்முட்டைன்னா என்னன்னே அதுகளுக்குத் தெரியாது.

மேட்டாங்காடு:
28 வந்தா அது கைப்பிடி இல்லைங்க, சிட்டிகை. உங்க ஆச்சி கோழி வருசத்துக்கு 60, 70 முட்டை போட்டுட்டு அடையில உக்காந்துக்கும். என்கிட்ட நிக்கிறது வருசத்துக்கு 300 தாண்டுற லேயர். ரெண்டுக்கும் ஒரே கணக்கா?

மொட்டைமாடி_6கோழி:
ஒரு சந்தேகம். ஒரு கோழிக்கு ஒரு கைப்பிடியா, இல்ல எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு கைப்பிடியா? வீடியோல அவர் எதைச் சொன்னார்?

கரிசல்கம்பு:
300 முட்டைன்னு பீத்திக்கிட வேண்டாம். கூண்டுல போட்டு, அசைய விடாம வாங்குற முட்டை அது. எங்க கோழி கரையான் தின்னுது, நத்தை தின்னுது. பானையில சாணியும் ஓலையும் போட்டுக் கவுத்து வச்சா காலையில ஒரு பானை கரையான். உங்க தீவன மூட்டையில இது உண்டா?

மேட்டாங்காடு:
என்ற கோழி கூண்டுல இல்லைங்க, கொட்டாய்ல மண்ணுல நடக்குது. தெரியாம பேசாதீங்க. கரையானை நான் வேண்டாம்னே சொல்லலை. 45 கிராமைத்தான் சொன்னேன். பேச்சை மாத்தாதீங்க.

முட்டைவண்டி:
நான் கடைகடையா முட்டை போடுறவன். கம்பு அதிகமா போட்டா மஞ்சக்கரு வெளுத்துப்போகும். மஞ்ச மக்காச்சோளம் போடுங்க, கரு நல்லா ஏறும். ஆம்லெட் போடுறவர் வெளுத்த கருவைப் பாத்துட்டு "பழசா?"ன்னு கேக்குறார்.

கரிசல்கம்பு:
நிறத்தைப் பாத்து சத்து சொல்ற ஆளு வந்துட்டாரு. முருங்கைக்கீரையைக் கட்டித் தொங்கவிட்டாலே கரு ஏறும். அதுக்குச் சோளம் வேணுமாக்கும்.

முட்டைவண்டி:
நான் சத்துன்னு எங்க சொன்னேன்? விக்கிறதைச் சொன்னேன். நீங்க எத்தனை முட்டை வித்திருக்கீங்க?

வெட்னரி_படிச்சவன்:
குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். கம்புல புரதம் 11 சதவீதம் பக்கம் இருக்கு, தீவனத்துல 16, 17. புரதம் அவ்வளவா விழாது, கால்சியம்தான் விழும். மேட்டாங்காடு அண்ணன் சொல்றது அந்தளவுக்குச் சரி. பொதுவா தானியம் மொத்தத் தீனியில பத்துல ஒரு பங்குக்கு மேல போகாம இருந்தா நல்லது. கோழிக்கு 12 கிராம், ஒரு மேசைக்கரண்டி. ஓடு கட்டுற வேலை பெரும்பாலும் ராத்திரியில நடக்கும், அதனால சாயங்காலம் தனிக் கிண்ணத்துல கால்சியத்துக்குக் கிளிஞ்சல் வெச்சா வேணுங்கிறதை அதுவே கொத்திக்கும். அதிகத் தானியம் போட்டா கொழுப்பு ஏறி ஈரல் கெட்டுப்போற கோழியும் உண்டு.

மேட்டாங்காடு:
தம்பி, மேசைக்கரண்டின்னா எந்தக் கரண்டி? எங்கூட்டுல நாலு அளவுல கரண்டி கிடக்குது. கிளிஞ்சலை நான் 2014லயே இங்க எழுதிட்டேன், அப்ப யாரும் லைக் போடலை. இருக்கட்டும். "நான் சொன்னது சரி"ன்னு தம்பியே சொல்லிட்டாப்ல, எல்லாரும் பாத்துக்குங்க.

கரிசல்கம்பு:
"அந்தளவுக்குச் சரி"ன்னாரு. முழுசாப் படிங்க. சாயங்காலம் தகரத்துல கம்பைப் போட்டுத் தட்டுனா எங்க கோழி முப்பதும் வேலி தாண்டி ஓடியாருது. பருந்துக்கும் நாய்க்கும் தப்பிச்சு அடையுது. அந்த லாபத்தை உங்க தராசு நிறுக்குமா?

மொட்டைமாடி_6கோழி:
யாராவது சொல்லுங்களேன். ஆறு கோழிக்கும் சேர்த்தா, ஒரு கோழிக்கா?

மேட்டாங்காடு:
தட்டுறதுக்கு ஏழெட்டு கிராம் போதுமுங்க, வெறும் தகரத்தைத் தட்டினாலே ஓடி வரும். என்ற கோழி பக்கெட் சத்தத்துக்கே வரும். கைப்பிடி 28ன்னு சொன்னவங்க தராசைப் படம் எடுத்துப் போடட்டும். நான் போட்டிருக்கேன், 45ன்னு தெளிவா தெரியும்.

கரிசல்கம்பு:
படத்துல உங்க கட்டைவிரலும் தட்டு மேல இருக்கு. எடுத்துட்டு நிறுங்க. அப்புறம் கணக்குன்னு வந்துட்டதால கேக்கேன், போன தையில உங்ககிட்ட 12 அடைமுட்டை வாங்குனேன். பொரிஞ்சது 4. அதுக்கு என்ன கணக்கு?

மேட்டாங்காடு:
பஸ்ஸுல மடியில வெச்சு ஆறு மணி நேரம் ஆட்டிக்கிட்டுப் போனீங்க. போய் ஒரு நாள் அசையாம வெச்சிருந்து அடைக்குக் கொடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அன்னைக்கு ராத்திரியே வெச்சா கோழி என்ன பண்ணும்? அதே முட்டை இங்க 12க்கு 10 பொரிச்சுது.

கரிசல்கம்பு:
10ம் உங்க தராசுல நிறுத்ததா?

முட்டைவண்டி:
அடைமுட்டை என்ன விலைக்குக் கொடுத்தீங்க? சும்மா கேக்குறேன்.

வெட்னரி_படிச்சவன்:
ரெண்டு பேர் கையும் வேற வேற. அதனாலதான் கரண்டி சொன்னேன். கூடவே, கம்போ சோளமோ பூஞ்சை புடிச்ச வாடை வந்தா ஒரு மணி கூடப் போடாதீங்க. கைப்பிடியை விட அது பெரிய ஆபத்து.

மேட்டாங்காடு:
பூஞ்சை வேற பேச்சு தம்பி. வேற இடத்துல தனியா எழுதுங்க. இங்க கைப்பிடி. இப்ப ராத்திரி 9 மணிக்கு, கட்டைவிரலை எடுத்துட்டு, வீட்டுக்காரி முன்னால மறுபடி நிறுத்தேன். மூணு தடவை. 44, 46, 45.

கரிசல்கம்பு:
சாப்பிட்டுக் கை கழுவுன ஈரத்தோட அள்ளுனீங்களா?