எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் ஹார்ட் டிஸ்க் காணவில்லை, ஏன்?

புதுக்கணினி:
வணக்கம். டெஸ்க்டாப்பில் ஏற்கெனவே ஒரு சாட்டா (பழைய இணைப்பு முறை) எஸ்எஸ்டியும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, மதர்போர்டின் கீழே இருக்கும் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் போட்டேன். அது தெரிகிறது, ஆனால் ஹார்ட் டிஸ்க் பயாஸில்கூட (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) இல்லை. எம்.2-வைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் திரும்ப வந்துவிடுகிறது! கேபிள் மாற்றியும் அதே கதைதான். போர்டு பழுதா? இன்னொரு சந்தேகம், 'எம்.2 சாட்டா' என்றும் ஒன்று விற்கிறார்களே, எம்.2 என்றாலே என்விஎம்இ இல்லையா?

திருப்புளி:
எதுவும் பழுதில்லை. சிப்செட்டிலிருந்து (மதர்போர்டில் மற்ற பாகங்களை பிராசசரோடு இணைக்கும் சிப்) வரும் அதிவேக லேன்கள், அதாவது தரவு ஓடும் தடங்கள், எண்ணிக்கையில் குறைவு, அதனால் பல போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே லேன்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஸ்லாட்டில் எஸ்எஸ்டி ஏறியதும் அந்த போர்ட்டுகள் அணைந்துவிடும். பெரும்பாலும் 5, 6 என்று எண்ணிட்டவைதான் பலியாகும், ஆனால் போர்டுக்குப் போர்டு மாறும், ஊகித்துக்கொண்டு உட்காராதீர்கள். மேனுவலில் 'ஸ்டோரேஜ்' பகுதியில் இதற்கென்றே ஒரு சின்ன அட்டவணையோ பொடி எழுத்துக் குறிப்போ இருக்கும், பிடிஎஃப் தயாரிப்பாளர் தளத்திலேயே கிடைக்கும். கணினியை அணைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், போதும்.

லேன்_பைத்தியம்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எம்.2 என்பது வெறும் வடிவம். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அவ்வளவுதான். உள்ளே ஓடுவது சாட்டாவாகவும் இருக்கலாம், பிசிஐஇ என்ற அதிவேக இணைப்பு வழியே பேசும் என்விஎம்இயாகவும் இருக்கலாம். சாட்டா என்றால் உச்சம் விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், எம்.2 வடிவில் வந்தாலும் அதே வேகம்தான். பிசிஐஇ 3.0-வில் நான்கு லேன் என்றால் 3500 எம்பி வரை போகும், 4.0 என்றால் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு.

எஸ்எஸ்டியின் பின் முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஆனால் இரண்டு லேன் மட்டும் உள்ள சில என்விஎம்இ-களிலும் இரண்டு வெட்டு உண்டு, அதனால் வெட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இன்னொரு வம்பு, சாட்டா எம்.2 உங்கள் ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும், ஆனால் அந்த ஸ்லாட் பிசிஐஇ மட்டும் என்றால் பயாஸ் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது.

புதுக்கணினி:
ஹார்ட் டிஸ்க்கை முதல் போர்ட்டுக்கு மாற்றினேன், வந்துவிட்டது, நன்றி! மேனுவலில் பக்கத்தின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு எழுதியிருக்கிறார்கள், யார் கண்ணில் படும்? விண்டோஸை என்விஎம்இ-க்கு மாற்றப் போகிறேன், இதே ஸ்லாட்டில் இருக்கட்டுமா?

லேன்_பைத்தியம்:
மேலே பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்லாட் காலியாக இருந்தால் அங்கே போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அது நேரடியாக பிராசசரோடு இணைந்தது. கீழே இருப்பது சிப்செட் வழியாகப் போகிறது, அங்கே யுஎஸ்பி, நெட்வொர்க், சாட்டா எல்லாமே ஒரே பாதையில் போயாக வேண்டும். அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது, உண்மையைச் சொல்கிறேன். மேல் ஸ்லாட்டுக்கு மாற்றினால் அணைந்த சாட்டா போர்ட்டுகள் திரும்பக் கிடைக்கும், எனக்கு அதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

திருப்புளி:
கேபிள் மாற்றினேன் என்றீர்களே, டேட்டா கேபிள்தானே? 7 பின் உள்ள அது எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் 15 பின் பவர் கேபிளை வேறொரு மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையிலிருந்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க் பக்கம் முனை ஒன்றுதான், சப்ளை பக்கம் பின் வரிசை ஆளுக்கொரு மாதிரி, 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் டிஸ்க் அந்த நொடியே கருகிவிடும்.