அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹெல்த் இன்ஷூரன்ஸைப் பார்த்து ஓட்டுப் போடலாமா, இல்லை அது மாநிலத்தின் கையில்தான் இருக்கிறதா?

ஹூஸ்டன்காரி:

போன வருடம்தான் சிட்டிசன்ஷிப் வாங்கினேன். வரும் நவம்பர் 5, 2024 தேர்தல்தான் இந்த நாட்டில் என் முதல் ஓட்டு. டெக்சஸில் அக்டோபர் 21ஆம் தேதியே முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்குகிறது, எனக்கு இன்னும் ஒரு விஷயம் தெளிவாகவில்லை, அதனால் கேட்கிறேன்.

நான் ஒரு சின்ன வருமானவரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன டிசம்பரில் ஒரு அம்மா வந்தார். 58 வயது, கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். வயதானவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, படுக்க வைத்துவிட்டு வருவதுதான் அவர் வேலை. அந்த வேலைக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. 2024க்கு மார்க்கெட்பிளேஸில், அதாவது இன்ஷூரன்ஸ் வாங்கும் அரசுத் தளத்தில், பதிந்து தரச் சொன்னார். வருட வருமானம் 13,500 டாலர் என்று போட்டேன். மானியம் எதுவும் இல்லை, முழு பிரீமியமும் நீங்களே கட்டுங்கள் என்று வந்தது. எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று சும்மா 15,000 என்று மாற்றிப் பார்த்தேன். சில்வர் என்னும் நடுத்தர வகைப் பிளான் ஒன்றுக்கு மாதம் 0 டாலர் என்று காட்டியது! தனி ஆளுக்கு அப்போது வறுமைக்கோடு 14,580. இவர் அதற்கு 1,080 டாலர் கீழே இருந்தார், அவ்வளவுதான். கூடச் சம்பாதிப்பவருக்கு உதவி உண்டு, குறைவாகச் சம்பாதிப்பவருக்கு இல்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துக் காட்டினார், ஏழு நாளுக்கு ஏழு அறை இருக்குமே, அது. திங்கள், புதன், வெள்ளி அறைகளில் மட்டும் மாத்திரை இருந்தது. இரத்த அழுத்தத்துக்குத் தினமும் போட வேண்டிய மாத்திரை.

டிவியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹாரிஸ் ஒன்று சொல்கிறார், குடியரசுக் கட்சி வேட்பாளர் டிரம்ப் ஒன்று சொல்கிறார். ஆனால் அலுவலகத்தில் ஒருவர், "இதெல்லாம் மாநிலத்தின் முடிவு, அதிபர் யாராக இருந்தாலும் உன் கிளையண்டுக்கு ஒன்றும் மாறாது" என்கிறார். உண்மையா? அப்படியானால் நான் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது?

கரோலினா நர்ஸ்:

உங்கள் அலுவலகத்துக்காரர் சொல்வது பாதி சரி. அந்த அம்மா மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தை இங்கே "கவரேஜ் கேப்", அதாவது காப்பீட்டில் விழுந்த இடைவெளி, என்பார்கள். அது எப்படி வந்தது என்றால், 2010இல் ஒபாமாகேர் என்னும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தபோது வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லோருக்கும் மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸ்), அதற்கு மேல் இருப்பவர்களுக்கு மார்க்கெட்பிளேஸ் மானியம் என்றுதான் எழுதினார்கள். ஏழைகள் எல்லோரும் மெடிகெய்டில் இருப்பார்கள் என்று நம்பியதால், வறுமைக்கோட்டுக்குக் கீழே மானியம் தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது, ஆனால் மெடிகெய்டை விரிவாக்கச் சொல்லி மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. அன்றைக்கு விழுந்த ஓட்டை அது. இன்று 40 மாநிலங்கள் சேர்ந்துவிட்டன, 10 சேரவில்லை. உங்கள் மாநிலம் அந்தப் பத்தில் ஒன்று.

செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது, மாநிலம் போட வேண்டியது 10தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டேன் என்ற கதைதான் அங்கே நடக்கிறது.

எங்கள் வட கரோலினாவும் பத்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. 2023 மார்ச்சில் குடியரசுக் கட்சி கையில் இருந்த சட்டமன்றமே நிறைவேற்ற, ஜனநாயகக் கட்சி கவர்னர் கையெழுத்துப் போட்டார். டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு வருடம் ஆவதற்குள் 5 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். நான் எமர்ஜென்சியில் வேலை பார்ப்பவள். 1986இலிருந்து இருக்கும் சட்டப்படி, காசில்லை என்று எமர்ஜென்சியில் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் அந்தச் சட்டம் உயிரைக் காப்பாற்றுவதோடு சரி. காலில் புண்ணோடு ஒருவர் வருவார், கட்டுப் போட்டு அனுப்புவோம், சர்க்கரைக்கு மருந்து வாங்க வழியில்லாமல் அதே புண் பெரிதாகி மறுபடி வருவார். மூன்றாவது முறை வரும்போது விரல் போயிருக்கும். இப்போது அதே ஆட்கள் முதல் முறையே டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். இதை நான் எந்தக் கட்சிக்காகவும் சொல்லவில்லை.

இன்னொன்று, அந்த அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த வருட வருமானம் என்பது மதிப்பீடுதான். வேலைக்கு இன்னும் ஒரு வீடு கிடைக்கும் என்று நிஜமாகவே எதிர்பார்த்தால் அதையும் சேர்த்துச் சொல்லலாம். 2025க்கு அந்தக் கோடு 15,060. நேர்மையாக மதிப்பிட்டு மானியம் வாங்கிய பிறகு வருமானம் கோட்டுக்குக் கீழே போய்விட்டால் திருப்பிக் கட்டச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தே பொய் சொன்னால்தான் சிக்கல். நவம்பர் 1 பதிவு தொடங்குகிறது, இந்த முறை விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்டின் 78:

நான் மாநில அதிகாரத்தின் பக்கம் பேசுகிறேன், திட்ட வேண்டாம். நான் வளர்ந்தது "மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி" என்று சுவரில் எழுதியிருந்த தெருவில். தமிழ்நாட்டின் ஆஸ்பத்திரியை எப்படி நடத்துவது என்று டெல்லி முடிவு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, டெக்சஸுக்கு மட்டும் வாஷிங்டன் முடிவு செய்யட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டெக்சஸ் மறுப்பதற்குக் காரணமே இல்லை என்பதும் நியாயமில்லை. 2014இல் 100 சதவீதம் தருகிறோம் என்றார்கள், 2020க்குள் 90 ஆனது. நாளைக்கு வாஷிங்டனில் ஒரு காங்கிரஸ் (இந்த நாட்டு நாடாளுமன்றம்) அதை 60 ஆக்கினால் மீதியை யார் போடுவது? வட கரோலினா சட்டத்திலேயே, மத்திய பங்கு 90க்குக் கீழே போனால் விரிவாக்கம் நின்றுவிடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தப் பயம் அவர்களுக்கும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம், அட்டை கையில் இருந்தால் டாக்டர் கிடைத்துவிடுவாரா? மெடிகெய்ட் கொடுக்கும் கட்டணம் குறைவு என்று எத்தனையோ கிளினிக்குகள் அந்த நோயாளிகளைச் சேர்ப்பதே இல்லை. மாநிலமே யோசித்துச் செய்தால் நன்றாக வரும் என்பதற்கு மாசசூசெட்ஸ் இருக்கிறது. 2006இல் ராம்னி கவர்னராக இருந்தபோது கொண்டுவந்த திட்டத்தைப் பார்த்துத்தான் ஒபாமாகேரே வந்தது.

ஹூஸ்டன்காரி:

நர்ஸ் அக்கா, அந்த மதிப்பீடு விஷயம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. போன வருடமே தெரிந்திருக்க வேண்டும், மனசு கஷ்டமாக இருக்கிறது. இந்த வாரமே அவருக்குப் போன் செய்கிறேன்.

ஆஸ்டின் அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் நம் ஊரில் அதிகாரம் கேட்டது இன்னும் கூடச் செய்வதற்காக. இங்கே அதே அதிகாரம் அந்த அம்மாவுக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்குப் பயன்படுகிறதே? விரிவாக்கம் வேண்டாம் என்றால் சரி, அதற்குப் பதிலாக மாநிலம் அவருக்கு என்ன வைத்திருக்கிறது? தேடிப் பார்த்தேன். சின்னப் பிள்ளை இல்லை, ஊனம் இல்லை, 65 ஆகவில்லை என்பதால் டெக்சஸில் அவருக்கு மெடிகெய்டுக்கு வழியே இல்லை.

பாஸ்டன் தாத்தா:

எனக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டுதான். மகளோடு இருக்க 2016இல் வந்தேன். ஆனாலும் இதில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

மாசசூசெட்ஸ் தனியாகச் செய்துவிடவில்லை, தம்பி. அந்தத் திட்டத்துக்குப் பணத்தில் பெரிய பங்கு மெடிகெய்ட் வழியாக மத்திய அரசிடமிருந்து வந்தது, அதற்கு அப்போதைய புஷ் நிர்வாகம் விதிவிலக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. "வெய்வர்" என்று சொல்லும் அந்த அனுமதியைக் கொடுப்பதும் மறுப்பதும் அதிபர் நியமிக்கும் ஆட்கள்தான். 2018இல் ஆர்கன்சா மாநிலம், வேலை பார்ப்பதை மாதாமாதம் பதிவு செய்தால்தான் மெடிகெய்ட் என்றது. டிரம்ப் நிர்வாகம் அனுமதித்தது. சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் அட்டையை இழந்தார்கள், பிறகு நீதிமன்றம் நிறுத்தியது. பைடன் வந்ததும் அந்த மாதிரி அனுமதிகளைத் திரும்பப் பெற்றார்கள். ஜார்ஜியா மட்டும் நீதிமன்றத்தில் ஜெயித்து, மாதம் 80 மணி நேர வேலை நிபந்தனையோடு ஒரு திட்டம் நடத்துகிறது, சேர்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆக, மாநிலம் கதவைத் திறந்தாலும் எவ்வளவு திறக்கலாம் என்பதில் அதிபரின் கை இருக்கிறது.

இரண்டாவது, அந்த 0 டாலர் பிளான். அது 2021இல் கூட்டிய மானியத்தால் வந்தது. 2022 சட்டம் அதை 2025 கடைசி வரை நீட்டித்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுத்த காங்கிரஸ் நிறைவேற்றி அடுத்த அதிபர் கையெழுத்துப் போட வேண்டும். ஹாரிஸ் நிரந்தரமாக்குவேன் என்கிறார். டிரம்ப் தரப்பில் அப்படி ஒரு உறுதி இல்லை. 2017இல் ஒபாமாகேரை எடுத்துவிட முயன்றதையும், செனட்டில் அவர் கட்சிக்காரரான மெக்கெய்னே கட்டைவிரலைக் கீழே காட்ட 49-51 என்று தோற்றதையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வந்தபோது வயது 67. இங்கே வேலை பார்க்காததால், முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் ஐந்து வருடம் கழித்துத்தான், அதுவும் காசு கொடுத்துத்தான். 2024 கணக்கில் பார்ட் ஏ (ஆஸ்பத்திரிச் செலவு) மாதம் 505 டாலர், பார்ட் பி (டாக்டர் செலவு) 174.70. அந்த ஐந்து வருடமும் மார்க்கெட்பிளேஸ் மானியத்தில்தான் ஓடியது. நடுவில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தப் பிளான் இல்லையென்றால் மகள் வீட்டை அடமானம் வைத்திருப்பாள். அப்பா அம்மாவைக் கூட்டி வந்து வைத்திருக்கும் நம்மவர்கள் இதை யோசித்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

ஆஸ்டின் 78:

ஐயா, வெய்வர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை நான் விட்டுவிட்டேன். ஹூஸ்டன் தங்கச்சி கேட்டதற்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் மாநிலம் பதிலுக்கு ஒன்று வைத்திருக்க வேண்டும். நான் இன்னும் மாநிலம்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறேன், ஆனால் நம் மாநிலம் எடுத்த முடிவு தப்பு.

அதனால் ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். சவுத் டகோட்டா, மிசௌரி, ஓக்லஹோமா எல்லாம் மக்களே நேரடி வாக்கெடுப்பில் விரிவாக்கத்தை ஜெயிக்க வைத்த இடங்கள். டெக்சஸில் அந்த வழி கிடையாது, சட்டமன்றம் வழியாக மட்டும்தான். கவர்னர் இந்த வருடம் வாக்குச்சீட்டில் இல்லை. ஆனால் மாநில கீழவையின் 150 இடங்களுக்கும் தேர்தல் இருக்கிறது. அந்த அவை ஜனவரியில் கூடி 140 நாள் உட்காரும், அதற்கப்புறம் 2027தான். அதிபருக்குப் போட்டுவிட்டுக் கீழே பார்க்காமல் வந்துவிடாதீர்கள். ஒரே பட்டனில் கட்சிக்கு மொத்தமாகப் போடும் வசதியை 2020இலேயே எடுத்துவிட்டார்கள், ஒவ்வொரு பதவிக்கும் தனியாகக் குத்த வேண்டும். மாதிரி வாக்குச்சீட்டை மாவட்ட இணையதளத்தில் எடுத்து, யாருக்கு என்று பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள். வாக்குச்சாவடிக்குள் போனைப் பார்க்க விட மாட்டார்கள்.

கரோலினா நர்ஸ்:

அந்த அம்மா வாக்காளராகப் பதிந்திருக்கிறாரா? டெக்சஸில் 7ஆம் தேதியோடு பதிவு முடிந்துவிட்டதே.

ஹூஸ்டன்காரி:

இப்போதுதான் பேசினேன். பதிந்திருக்கிறார், ஆனால் 2012க்குப் பிறகு ஓட்டுப் போட்டதே இல்லையாம். தேர்தல் வரும் செவ்வாய்க்கிழமைகளில் காலை ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு, வரிசையில் நிற்க நேரம் கிடையாது. முன்கூட்டியே, அதுவும் சனிக்கிழமை போடலாம், இந்த மாவட்டத்தில் எந்த மையத்திலும் போடலாம் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "26ஆம் தேதி மத்தியானம் எனக்கு வேலை இல்லை" என்றார். என் காரில் கூட்டிப் போகிறேன். மாதிரி வாக்குச்சீட்டு இரண்டு பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், அவருடைய தொகுதி வேறு. அவர் தொகுதியில் நிற்கும் இரண்டு பேரும் மெடிகெய்ட் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று இன்று இரவு தேடப் போகிறேன். யாருக்காவது தெரிந்தால் இங்கேயே போடுங்கள்.