டி.ஏ.பி. உரத்தை இப்போதே வாங்குவதா, தண்ணீர் வந்தபின் வாங்குவதா? நான் பட்டதைச் சொல்கிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கடைமடை விவசாயி, திருவாரூர் மாவட்டம்:

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் டீக்கடையில் இரண்டே பேச்சுதான். மேட்டூர் அணையில் தண்ணீர் எத்தனை அடி, உர மூட்டை என்ன விலை. இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரியாமல் நான் வரிசையாகச் சில வருடங்கள் பணத்தை விட்டிருக்கிறேன். புதிதாகச் சாகுபடிக்கு வரும் தம்பிகளுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெண்ணாற்றுப் பாசனத்தில் ஆறு ஏக்கர் நெல் வயல், கடைமடை, அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். போர்க் கிணறு ஒன்று இருக்கிறது, இரண்டு ஏக்கருக்கு மேல் இழுக்காது.

2021 ஏப்ரலில் டி.ஏ.பி. மூட்டை 1,200-லிருந்து 1,900 ஆகிறது என்று செய்தி வந்தது. ஊரே கலங்கிவிட்டது. பழைய விலைச் சரக்கு இருக்கிறது என்று ஒரு கடையில் சொன்னார்கள். ஆனால் மூட்டைக்கு 1,500 கேட்டார்கள், பில் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். 1,900-க்கு 1,500 தேவலை என்று நினைத்து, மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு 15,000 வாங்கி பத்து மூட்டை இறக்கினேன். மே மாதம் மத்திய அரசு மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ஆக்கியது. விலை மறுபடி 1,200-க்கே வந்துவிட்டது. அடுத்த மாதமே குறுவை (ஜூனில் தொடங்கும் நெல் பருவம்) சாகுபடிக்கான உதவித் தொகுப்பில் ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., இரண்டு மூட்டை யூரியா, 25 கிலோ பொட்டாஷ் இலவசம் என்று மாநில அரசு அறிவித்தது. விலையில் கூடுதலாகக் கொடுத்தது 3,000. நெல் விற்றுக் கடனை அடைக்கும் வரை ஆறு மாத வட்டி 1,800. ஆக 4,800 ரூபாய் வெறும் பயத்துக்குக் கொடுத்தேன்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதும் தப்பான பாடம்தான். விலை ஏறினால் அரசு எப்படியும் இறக்கிவிடும், பொறுத்திருந்தால் போதும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த வருடம் பொட்டாஷ் ஏறியது. முந்தைய குறுவையில் 1,000-ஐ ஒட்டி இருந்த மூட்டை, 2022-இல் 1,700. ரஷ்யாவும் பெலாரசும்தான் உலகத்துக்கே பொட்டாஷ் அனுப்புகிறவர்களில் முக்கியமானவர்கள். உக்ரைன் போர் தொடங்கியபின் அந்தச் சரக்கு தடுமாறியது. இறங்கும் இறங்கும் என்று அடுத்த பருவமான சம்பா நடவு வரை காத்திருந்தேன், இறங்கவே இல்லை. கடைசியில் பொட்டாஷ் போடாமலே விட்டேன். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடை நேரத்தில் பெய்த மழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பயிர் சாய்ந்தது. பொட்டாஷ் போட்ட பக்கத்து வயலும் சாய்ந்ததால் அதை உரத்தின் தலையில் நான் போடமாட்டேன். ஆனால் தூற்றும்போது வித்தியாசம் தெரிந்தது. என் நெல்லில் பதர் அதிகம்.

2023-இல் வேறு மாதிரி. இந்த முறை எதற்கும் காத்திருக்கக் கூடாது என்று, ஆவணியில் ரயிலில் சரக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் சம்பாவுக்கான யூரியா 15 மூட்டையும் வாங்கிக் கொட்டகையில் அடுக்கினேன். ஜூன் 12-இல் திறந்த மேட்டூரை அக்டோபர் 10-இல் மூடிவிட்டார்கள். தண்ணீர் இல்லாத வயலில் யூரியாவை என்ன செய்வது? அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. ஈரக்காற்றில் மூட்டையெல்லாம் கட்டி தட்டி, என் மனைவியும் நானும் உலக்கையால் இடித்துத்தான் தெளித்தோம். இதில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். யூரியாவுக்கு நான் எதற்காக அவசரப்பட்டேன்? 2018-இல் 45 கிலோ மூட்டை வந்ததிலிருந்து அதன் விலை 266 ரூபாய் 50 காசுதான். உலகச் சந்தையில் என்ன நடந்தாலும் நமக்கு அது நகர்வதில்லை. யூரியாவில் நாம் பயப்பட வேண்டியது தட்டுப்பாட்டுக்குத்தான், விலைக்கு இல்லை. டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ் எனும் கூட்டு உரம், பொட்டாஷ் அப்படி இல்லை. 2010-இலிருந்து அவற்றுக்கு மானியத்தைத்தான் அரசு நிர்ணயிக்கிறது, விலை கம்பெனி கையில். இரண்டு வகையையும் ஒரே மாதிரி நினைத்து வாங்கியதுதான் என் தப்பு.

2024-இல் மேட்டூர் திறந்ததே ஜூலை 28-இல். போர்க் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு ஏக்கர் குறுவை மட்டும் போட்டேன். சூடு பட்டவன் என்பதால் சம்பாவுக்கு முன்கூட்டி எதையும் வாங்கவில்லை. நடவு நேரத்தில் டி.ஏ.பி.யே இல்லை. நான்கு கடை ஏறி இறங்கினேன். வேளாண் அலுவலகத்தில் ஒரு அம்மா பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 23 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 9 கிலோ. மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 20 கிலோ யூரியாவும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே கணக்கு வந்துவிடும், கூடவே கந்தகமும் கிடைக்கும். வண்டி வாடகையும் சுமை கூலியும் கூடியதால் பணத்தில் மிச்சமில்லை, ஆனால் நடவின்போது போடும் அடியுரம் நாள் தவறாமல் போனது.

அதே அம்மாதான் இன்னொன்றும் கேட்டார். "ஏக்கருக்கு எவ்வளவு டி.ஏ.பி. போடுவீங்க?" ஒன்றரை மூட்டை என்றேன். அப்பா காலத்திலிருந்து அதுதான். நெல்லுக்கு ஹெக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ என்பது சிபாரிசு. ஏக்கருக்கு மணிச்சத்து 20 கிலோ போதும், ஒரு மூட்டையிலேயே 23 இருக்கிறது. என் மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, மணிச்சத்து ஏற்கெனவே அதிகம், அதையும் குறைக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். டி.ஏ.பி. 1,200-லிருந்து 1,350 ஆனபோது மூட்டைக்கு 150 ரூபாய் ஏறிவிட்டதே என்று எவ்வளவு பேசினோம்! இத்தனை வருடமும் தேவையில்லாமல் நான் போட்ட அரை மூட்டை இன்றைய விலைக்கு 675 ரூபாய். ஆறு ஏக்கருக்கு 4,050. எப்போது வாங்குவது என்று தூக்கம் கெட்டேனே தவிர, எவ்வளவு வாங்குவது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இப்போது நான் செய்வது இது. கோடையிலேயே அடியுரத்தில் பாதி மட்டும் கைப்பணத்தில் வாங்குகிறேன். வட்டிக்கு வாங்கி உரம் இறக்குவதை விட்டுவிட்டேன். மீதிப் பாதி நாற்றங்கால் விட்டபின். யூரியா ஏக்கருக்கு ஒரு மூட்டை எப்போதும் கையிருப்பு, மீதியைத் தேவைக்குத் தகுந்தபடி. 2025-இல் நாடு முழுக்க யூரியாவுக்கு வரிசையில் நின்றார்களே, அந்த ஒரு மூட்டைதான் நட்டபின் போடும் முதல் மேலுரத்துக்கு உதவியது. இதைவிட நல்ல வழி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

உரக்கடைக்காரர், பட்டுக்கோட்டை பக்கம்:

அண்ணே, கவுண்டரின் இந்தப் பக்கம் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மழை விட்டு வயலில் தண்ணீர் வடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு நாற்பது பேர் நிற்பார்கள். முந்தின வாரம் சரக்கு முழுதாக இருந்தபோது ஒருவரும் வரவில்லை. தட்டுப்பாட்டில் பாதி இப்படித்தான் உண்டாகிறது. ஆகவே நீங்கள் சொன்ன ஒரு மூட்டைக் கையிருப்பு ரொம்ப சரி.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். மூட்டையில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். 1985-ஆம் வருட உரக் கட்டுப்பாட்டு ஆணை அதைத்தான் சொல்கிறது. புது விலை அறிவித்தாலும் பழைய விலை அச்சடித்த மூட்டையை அந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். கைரேகை வைத்து மெஷினில் எடுக்கும் ரசீதில் விலையும் மானியமும் தெளிவாக இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். யூரியா லோடு வேண்டுமென்றால் கூடவே விற்காத பொருளையும் எடுக்கச் சொல்லி எங்கள் தலையில் கட்டுகிறார்கள். அதை உங்கள் தலையில் கட்டும் கடைகள் உண்டு. நான் கட்டுவதில்லை, அதனால் சில சீசனில் எனக்கு லோடு தாமதமாகத்தான் வரும். வேண்டாத பொருளைத் திணித்தால் வாங்க மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கட்டி தட்டாமல் இருக்க: தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் அடுக்காதீர்கள். பலகை போட்டு, மேலே தார்ப்பாய். யூரியாதான் அதிகமாக ஈரத்தை இழுக்கும். டி.ஏ.பி. தாங்கும். ஆகவே முன்கூட்டி வாங்குவதென்றால் டி.ஏ.பி.யை வாங்குங்கள்.

மஞ்சள் விவசாயி, கோபி:

எங்களுக்கு மேட்டூர்க் கவலை இல்லைங்க, கிணறும் வாய்க்காலும் இருக்கு. ஆனா மஞ்சள் ஒன்பது மாதப் பயிர், பொட்டாஷ் இல்லாமல் கிழங்கு தேறாது. 2022-இல் 1,700 என்றபோது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரே லோடாக எடுத்தோம். விலை குறையவில்லை, வண்டி வாடகைதான் மிச்சம். நான் வைத்திருக்கிற முறை ஒன்றுதான். மஞ்சளை மண்டியில் போட்டுப் பணம் கைக்கு வந்த அன்றே அடுத்த பயிருக்கு அடியுரம் எடுத்துவிடுவேன். அன்றைக்கு என்ன விலையோ அது. பணம் வீட்டுக்குள் வந்துவிட்டால் வேறு செலவு முந்திக்கொள்ளும், அப்புறம் கடன்தான்.

கமக்காரி, கிளிநொச்சி:

அண்ணை, நாங்கள் பசளை எண்டுதான் சொல்லுவம். நீங்கள் எப்ப வாங்குவது எண்டு கேக்கிறியள். வாங்கவே ஏலாமல் போன காலம் எங்களுக்கு இருந்தது, அதைச் சொல்லவேணும் போல இருக்கு.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல். 2021 ஏப்ரலில் எங்கட இலங்கை அரசாங்கத்தார் இரசாயனப் பசளையை நிப்பாட்டப்போகினம் எண்டு அறிவிச்சவை, மே மாதத்தோடு இறக்குமதி நிண்டது. எங்கட வீட்டில அரை மூடை யூரியாதான் மிச்சம். நாற்பது வருசம் விதைச்ச மாமா சொன்னார், "பிள்ளை, இது கனநாளைக்கு நிக்காது, நாலு மூடை இப்பவே எடுத்து வை" எண்டு. முந்தி மானியத்தில கிடைச்ச சாமானுக்கு ஏன் கடைக்காரருக்குக் காசு குடுப்பான் எண்டு நான் எடுக்கேல்லை. நவம்பரில தடையை எடுத்தவை, ஆனால் மாரி மழையோடு விதைக்கிற காலபோகத்துக்கு அது பிந்திப்போச்சு. பயிர் முழங்கால் உயரத்திலயே மஞ்சளாய் நிண்டது. ஏக்கருக்கு 25 மூடை எடுத்த வயலில 11 மூடை.

பிறகு 2022-இல் யூரியா வெளியில இலங்கைக் காசில 40,000 ரூபாய் வரைக்கும் போனது, ஒரு மூடை. நானும் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மூடை வாங்கி, தராசில நிறுத்துப் பிரிச்சனாங்கள். கொஞ்ச நாளில இந்தியக் கடனுதவியில வந்த யூரியா கமநல சேவை நிலையத்தில 10,000-க்குக் கிடைச்சது. அந்த ஒரு மூடைக் காசுக்கு நாலு மூடை எடுத்திருக்கலாம். ஆனால் நாங்கள் போட்ட பத்துப் பன்னிரண்டு கிலோ சரியான நாளில போட்டது. அந்தப் போகம் நெல்லைக் கண்டம். அதால அந்தக் காசை நான் நட்டம் எண்டு எழுதேல்லை.

மாமா இப்ப இல்லை. ஒவ்வொரு போகமும் அறுவடை முடிய அடுத்த போகத்துக்கு இரண்டு மூடை எடுத்து வைக்கிறன்.

கடைமடை விவசாயி:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மஞ்சளாய் நின்ற பயிர் என்ற இடத்தில் என் மனைவி வேலையை நிறுத்திவிட்டாள். எங்கள் வரிசையும் அலைச்சலும் இருந்தாலும், விலைக்காவது உரம் எங்களுக்குக் கிடைத்தது.

கோபி அண்ணா சொன்ன "பணம் வந்த அன்றே" என்பது எனக்குப் பொருந்துமா என்று யோசித்தேன். எங்களுக்குக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும், வந்தவுடன் நகைக் கடன் தவணை நிற்கும். இருந்தாலும் இந்த முறை தவணைக்கு முன் மூன்று மூட்டை டி.ஏ.பி.யை எடுத்துவிட்டேன். ஏக்கருக்கு அரை மூட்டை வீதம் கணக்கு, ஆறு ஏக்கருக்கும் ஆயிற்று. மீதி வேண்டுமா என்று மண் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கும் மாதிரியின் முடிவு வந்த பிறகுதான் முடிவு செய்வேன்.

கடைக்காரத் தம்பி, பலகை போட்டுச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளித்தான் அடுக்கியிருக்கிறேன். யூரியாவுக்கு இன்னும் ஒரு கேள்வி. இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்து மேலுரம் போடுகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? நடவு செய்த 14-ஆம் நாளிலிருந்து வாரா வாரம் பார்க்கச் சொன்னார்கள். நான் நட்டது சி.ஆர். 1009 நெல் ரகம். அட்டையில் நிற எண் நான்குக்குக் கீழே போனால் போடு என்கிறார்கள், ஆனால் எங்கள் வயலில் காலையில் ஒரு நிறமும் வெயில் ஏறினால் ஒரு நிறமும் தெரிகிறது. எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள், எத்தனை இலையைப் பார்த்துச் சராசரி எடுக்கிறீர்கள்?

கடைமடை விவசாயியின் கேள்விக்கு, கும்பகோணத்திலிருந்து ஒருவர்:

காலை எட்டிலிருந்து பத்துக்குள், உங்கள் நிழல் இலையில் விழும்படி வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். முழுசாக விரிந்த மேல் இலை, பத்துக் குத்து. ஒவ்வொரு வாரமும் அதே ஆள், அதே நேரம். நான் மூன்று வருடமாகப் பார்க்கிறேன். போன சம்பாவில் ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா மிஞ்சியது, இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது.