தோர்தோஞ் பள்ளத்தாக்கை முதன்முறையாகப் பார்க்கப் போகும் புதியவர்களுக்கு

படிப்புக்காகவோ வேலைக்காகவோ தென்மேற்குப் பிரான்சின் போர்தோ நகருக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்களில் பலர், மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தவுடன் பாரிசுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் கடைத்தெருவில் மளிகை வாங்குவதும் உறவினரைப் பார்ப்பதும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் போர்தோவுக்குக் கிழக்கே, மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், தோர்தோஞ் ஆறும் அதில் வந்து கலக்கும் வெசேர் ஆறும் ஓடும் பள்ளத்தாக்கு இருக்கிறது. சொந்தக் கார் இல்லாமல், அளவான செலவில் அதைச் சுற்றிப் பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

போர்தோவிலிருந்து சார்லா நகருக்குப் பிராந்திய ரயில் செல்கிறது. அந்த ரயில் காஸ்தியோன் என்னும் சிற்றூர் வழியாகப் போகும். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக நடந்த நூற்றாண்டுப் போரின் கடைசிப் பெரிய சண்டை 1453இல் நடந்த இடம் அதுதான். நீங்கள் பார்க்கப்போகும் கோட்டைகள் பலவும் அந்தப் போரின் மிச்சங்கள் என்பதால், சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்த ஊரைக் கவனித்துவிட்டுப் போவது நல்ல தொடக்கம். சார்லாவில் இறங்கிய பிறகு பேருந்தை நம்ப வேண்டாம். எண்ணிக்கை மிகக் குறைவு. அங்கே மிதிவண்டி வாடகைக்கு எடுத்தால், பழைய ரயில்பாதையைத் தார்ப்பாதையாக மாற்றியமைத்த வழியில் மோட்டார் வண்டித் தொல்லையின்றி ஆற்றங்கரைப் பக்கம் போய்விடலாம். நான்கு பேர் சேர்ந்தால் வாடகைக் கார் கட்டுப்படியாகும். நம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு, இங்கே குடியேறிய முதல் ஓராண்டுக்கு ஓட்டலாம். உரிமத்தோடு அங்கீகரிக்கப்பட்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் கையில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை சார்லாவில் இருக்கும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள். இடைக்காலக் கல்வீடுகளுக்கு நடுவே அன்று பெரிய சந்தை கூடுகிறது. பழைய நகர்ப்பகுதிகளை இடித்துத் தள்ளாமல் சீரமைத்துக் காக்க 1962இல் கொண்டுவரப்பட்ட மால்ரோ சட்டத்தால் முதலில் பயன்பெற்ற ஊர்களில் சார்லாவும் ஒன்று. தெருக்கள் இன்றும் இவ்வளவு முழுமையாக இருப்பதற்கு அதுவே காரணம். சந்தையில் அக்ரூட்டும் பருவத்தில் ஸ்ட்ராபெரியும் மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும். சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஊரின் பெயரிலேயே வழங்கும் உருளைக்கிழங்கு வறுவல் பார்வைக்குச் சைவம்போல் இருந்தாலும், வாத்துக் கொழுப்பில்தான் வறுக்கப்படுகிறது. பூண்டு சூப்பிலும் பெரும்பாலும் அதே கொழுப்புத்தான். கேட்காமல் தட்டில் கை வைக்காதீர்கள். மதிய உணவு பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் மட்டுமே. முதல் பயணத்தில் நாங்கள் இரண்டேகால் மணிக்குப் பசியோடு ஒரு கிராமத்தில் இறங்கி, உணவகமும் மூடி, ரொட்டிக் கடையும் மூடி, பையிலிருந்த முறுக்கைத் தின்று மாலைவரை ஓட்டினோம்.

இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க மிகச் சிறந்த சாலை ஆறுதான் என்பது என் கருத்து. சார்லாவுக்குத் தெற்கே ஆற்றங்கரையிலுள்ள சேனாக் என்னும் ஊரில் கேனோ வள்ளம் வாடகைக்கு எடுத்தால், நீரோட்டத்தோடு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் துடுப்புப் போட்டுப் பேனாக் சென்று சேரலாம். வள்ளத்தைக் கொடுத்தவர்களே வேனில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். வழியில் வலப்பக்கம் செங்குத்தான பாறைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் லா ரோக் கஜாக் கிராமம் வரும். 1957இல் அந்தப் பாறையின் ஒரு பகுதி இடிந்து வீடுகள்மேல் விழுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதைத் தாண்டியதும் இடக்கரை உச்சியில் காஸ்தெல்நோ கோட்டையும் சற்றுத் தொலைவில் வலக்கரைக் குன்றின்மேல் பேனாக் கோட்டையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். நூற்றாண்டுப் போரில் முன்னது நெடுங்காலம் ஆங்கிலேயர் பக்கமும் பின்னது பிரெஞ்சு அரசர் பக்கமும் இருந்தன. எல்லை என்றால் என்ன என்பதை, இரண்டுக்கும் நடுவே தண்ணீரில் மிதந்தபடி பார்க்கும்போது புரிந்துகொள்வதுபோல் எந்த அருங்காட்சியகத்திலும் புரிந்துகொள்ள முடியாது. கால் நோகாதவர்கள் கரையேறிய பின் காஸ்தெல்நோவுக்குள் சென்று, அங்கே நிறுத்திவைத்திருக்கும் ஆளுயரத்துக்கு மிஞ்சிய கல்லெறி பொறிகளையும் பார்க்கலாம். அருகிலுள்ள மிலாந்த் மாளிகை, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு இயக்கத்துக்கு உதவியவரும், 2021இல் நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிசின் பாந்தெயோனில் சிறப்பிக்கப்பட்டவருமான பாடகி ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த வீடு.

நீச்சல் தெரியாதவர்கள் வள்ளத்தில் ஏற வேண்டாம். நீச்சல் தெரியும் என்று நீங்கள் உறுதி கூறிய பிறகே வள்ளம் தருவார்கள். "மிதவை அங்கிதான் இருக்கிறதே" என்று சமாளித்துக் கையெழுத்துப் போடுவது நம்மவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். ஆற்றின் மேல்பகுதியில் மின்னுற்பத்திக்கான அணைகள் உள்ளன. அங்கே நீர் திறந்துவிட்டால், வெயில் காயும் நாளிலும் கீழே மட்டம் உயரும் என்பதால், கரையோர எச்சரிக்கைப் பலகை உள்ள மணல்திட்டுகளில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் படுத்து உறங்காதீர்கள். நீச்சல் வராதவர்களுக்கு லா ரோக் கஜாக்கில் பழைய சரக்குப் படகுகளின் வடிவில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன.

குகைகளுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வெசேர் பள்ளத்தாக்கின் தொல்பழங்கால இடங்கள் 1979 முதல் உலக மரபுச்சின்னப் பட்டியலில் உள்ளன. மோந்தின்யாக் ஊருக்கருகே தொல்பழங்கால ஓவியங்கள் நிறைந்த லஸ்கோ குகையை 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். போர் முடிந்ததும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கூட்டத்தின் மூச்சுக்காற்றிலேயே சுவரில் பாசி படர்ந்ததால் 1963இல் மூடப்பட்டது. இப்போது நீங்கள் பார்ப்பது 2016இல் திறந்த முழு அளவுப் பிரதி. நன்றாகவே செய்திருக்கிறார்கள். இருந்தாலும் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், லேசெசி ஊரிலுள்ள ஃபோன் த கோம் குகையையே நான் சொல்வேன், ஏனென்றால் அங்கே நீங்கள் நிற்பது அசல் வண்ண ஓவியங்களுக்கு முன்னால். பாறையின் புடைப்பையே காட்டெருமையின் முதுகாக எடுத்துக்கொண்ட அந்தக் கையின் தெளிவு எந்தப் பிரதியிலும் முழுதாக வருவதில்லை. நாளொன்றுக்கு மிகச் சிலரையே உள்ளே விடுவதால், பயணத் தேதிக்கு நெடுநாள் முன்பே இணையத்தில் இடம் பதிவுசெய்யுங்கள். கைக்குழந்தையோ நடக்க இயலாத பெற்றோரோ உடன் வந்தால் ரூஃபின்யாக் குகை பொருத்தமானது. அங்கே சிறு மின்ரயிலில் உட்கார்ந்தபடியே மாமத யானைகளின் உருவங்களைப் பார்த்துவரலாம், குளிர்காலத்தில் மூடியிருக்கும். கோடையிலும் குகைக்குள் ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ்தான், கம்பளிச்சட்டை அவசியம்.

கட்டணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஃபோன் த கோம் அரசு நினைவுச்சின்னம் என்பதால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயது நிரம்பாதவர்களுக்கும் அனுமதி இலவசம். மாணவர்கள் வதிவிட அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். லேசெசியின் தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கு மாதத்தின் முதல் ஞாயிறன்று யாருக்கும் கட்டணமில்லை. தனியார் கோட்டைகளில் இந்தச் சலுகை எதுவும் செல்லாது.

சூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிருங்கள். சூனும் செப்டம்பரும் நல்லவை. இலையுதிர்காலத்தில் காட்டுப்பாதையில் நடப்பவர்கள் வேட்டை நடப்பதாகப் பலகை கண்டால் அந்த வழியை விட்டுவிட வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணியுங்கள். திரும்பும் நாள் ஞாயிறானால், சனிக்கிழமை சார்லாவில் இறங்கும்போதே கடைசி ரயிலின் நேரத்தை நிலையத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் இன்னொரு இரவுக்கு அறை தேட வேண்டியிருக்கும்.