அம்மாவின் நிலவாகைப் பொடியும் குடலில் தெரிந்த கறுப்பும்

பாளையங்கோட்டைக்காரி:
அம்மாவுக்கு 68 வயது. மலச்சிக்கலுக்காக நாலு வருடமாக ராத்திரி படுக்கும் முன் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் நிலவாகைப் பொடி கலந்து குடிக்கிறார். நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம்தான், அளவெல்லாம் எதுவும் எழுதியிருக்காது. இப்போது ஒரு ஸ்பூன் போதவில்லை என்று ஒன்றரை ஆகிவிட்டது. போன வாரம் வேறு காரணத்துக்காகக் கொலோனோஸ்கோபி எடுத்தோம். ரிப்போர்ட்டில் ‘மெலனோசிஸ் கோலை’ என்று போட்டிருக்கிறார்கள். படத்தில் பெருங்குடலின் உட்பக்கம் பாம்புத் தோல் மாதிரி கறுத்துக் கிடக்கிறது. “பேதி மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று டாக்டர் கேட்டதற்கு, “மருந்தெல்லாம் இல்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டார். இலைதானே, அது எப்படி மருந்தாகும் என்பது அவர் கணக்கு. பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை வேறு சாப்பிடுகிறார். இந்தக் கறுப்பு புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா? பொடியை உடனே நிறுத்தலாமா?

வேப்பமரத்தடி:
பயப்படாதீர்கள் சகோதரி. எங்கள் ஆச்சி 90 வயது வரை இதைத்தான் சாப்பிட்டார். மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது. நாங்கள் தினமும் ஆவாரம்பூ டீயும் கற்றாழை ஜூஸும் குடிக்கிறோம், எல்லாம் ஒரே ஜாதிதான்.

பழைய லேப்காரன்:
தங்கச்சி, நான் மருத்துவர் இல்லை. பார்மசி கல்லூரி ஆய்வகத்தில் 31 வருடம் இருந்தவன். டாக்டரிடம் போய் அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், முதல் வேலை அதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் ஊர்ப் பெயரிலேயே உலகம் முழுக்கப் போகும் சரக்கு இது: ‘தின்னவேலி சென்னா’. அதில் வேலை செய்வது செனோசைடு ஏ, பி. 1941இல் சுவிட்சர்லாந்தில் ஸ்டோல் என்பவர் பிரித்தெடுத்தார். ஆந்த்ரோன் என்ற மூலக்கூறுத் துண்டுகள் இரண்டு முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குளுகோஸ். அந்தச் சர்க்கரை ஒரு பூட்டு மாதிரி. அது இருக்கும்வரை சிறுகுடல் இதை அவ்வளவாக உறிஞ்சாது, நம் செரிமான நொதிகளுக்கும் உடைக்கத் தெரியாது. பெருங்குடல் பாக்டீரியாதான் சர்க்கரையைக் கழற்றி, ஜோடியையும் பிரித்து ரெயின் ஆந்த்ரோனாக்கும். அதுதான் குடலை முடுக்கி, தண்ணீரை உறிஞ்ச விடாமல் தடுக்கிறது. ராத்திரி சாப்பிட்டால் காலையில் வேலை செய்வது அதனால்தான். பச்சை இலையில் இந்த ஜோடி அவ்வளவாக இருக்காது, காயும்போதுதான் சேரும். இதே மாதிரி பேதி மருந்தான அமெரிக்கக் காஸ்கரா பட்டையை வெட்டி ஒரு வருடமாவது வைத்திருந்துதான் விற்பார்கள், புதுப் பட்டை வாந்தியெடுக்க வைக்கும்.

இப்போது கணக்கு. இலையில் சுமார் 2 சதவீதம் செனோசைடு என்று வையுங்கள். டீஸ்பூனில் இரண்டு, மூன்று கிராம் பிடித்தால் 40 முதல் 60 மில்லிகிராம். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 15 முதல் 30. ஒன்றரை ஸ்பூன் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதுவும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வேண்டாம் என்பதுதான் ஐரோப்பிய மருந்து நெறிமுறை. அம்மாவுக்கு நாலு வருடம்.

கறுப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். பெயரில் மெலனின் இருக்கிறதே தவிர, அது மெலனின் இல்லை. செத்த செல்களை விழுங்கிய வெள்ளணுக்களில் தங்கும் லிபோஃபுஸ்சின் என்ற கசடு. நிறுத்திய சில மாதங்களில் மெல்ல மறையும். இது புற்றுநோயாக மாறும் என்று நிறுவப்படவில்லை. சிறுநீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ போனாலும் இதே சாமான்தான் காரணமாக இருக்கலாம். இந்தச் சாமான்களின் வேதிக் குடும்பமான ஆந்த்ராகுவினோனில் அம்மோனியாவை விட்டால் குழாய் ரோஜா நிறமாகும், மாணவர்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும்.

எனக்குப் பயம் ரத்தத்தில் பொட்டாசியம் குறைவதில்தான். பேதியிலும் போகும், நீர் பிரியும் மாத்திரையிலும் பெரும்பாலும் போகும். பொடியில் அதிமதுரம் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம், அதுவும் பொட்டாசியத்தை இறக்கும். கால் குறக்களி, அசதி, படபடப்பு இருந்ததா என்று கேளுங்கள். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர் என்றால் இது உயிருக்கே ஆபத்து. இந்த வாரமே ரத்தம் பாருங்கள். எப்படி நிறுத்துவது, வேறு என்ன கொடுப்பது என்பதை அதைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும்.

வேப்பமரத்தடி அவர்களுக்கு: ஆவாரையும் நிலவாகையும் ஒரே பேரினம், அவ்வளவுதான், பேதிக்காகவே பயிரிடுவது நிலவாகையை. கற்றாழையில் நடுவிலுள்ள சோறு வேறு, தோலுக்கடியில் கசியும் மஞ்சள் பால் வேறு. அந்தப் பாலைக் காய்ச்சினால்தான் கரியபோளம் என்ற பேதி மருந்து. சோற்றை ஏழு தடவை கழுவச் சொன்ன நம் ஆட்கள் விவரமானவர்கள்! அமெரிக்காவில் 2002இல் கற்றாழை, காஸ்கரா இரண்டையும் கடைகளில் விற்கும் பேதி மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், பாதுகாப்பை நிரூபிக்கும் தரவு வரவில்லை என்று. சென்னா மட்டும் தங்கியது.

தேரிக்காட்டான்:
சாத்தான்குளம் பக்கம் அப்பா காலத்தில் நிலவாகை போட்டிருந்தோம். லேப்கார அண்ணாச்சி சொன்ன 2 சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள். முதல் பறிப்பு ஒரு மாதிரி, கடைசிப் பறிப்பு ஒரு மாதிரி. நிழலில் பச்சை மாறாமல் காய்ந்தது நல்ல விலைக்கு ஏற்றுமதிக்குப் போகும். மழையில் நனைந்து பழுத்தது, காம்பும் தூசியுமாக மிஞ்சியது உள்ளூரில் பொடியாகும். பொட்டலத்துக்குப் பொட்டலம் வீரியம் மாறும்.

பாளையங்கோட்டைக்காரி:
நன்றி அண்ணாச்சி. பொட்டாசியம் 3.1 வந்தது, 3.5க்கு மேல் இருக்க வேண்டுமாம். ராத்திரி கால் இழுப்பதாக ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் பிபி மாத்திரையை மாற்றினார். மலச்சிக்கலுக்கு அவர் சாப்பிடும் இரும்புச் சத்து மாத்திரையும் ஒரு காரணம் என்றார். பொடியைப் படிப்படியாகக் குறைத்து, பதிலுக்கு நிறைய தண்ணீரோடு இசப்கோல். டப்பாவை நான் ஒளித்து வைத்ததில் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. நேற்று இசப்கோலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுவும் மருந்தில்லையே, உமிதானே.”