பாடி வாஷ் எவ்வளவு கழுவினாலும் வழவழப்பு போகமாட்டேங்குது, அவசரம்

நுரைப்பூ | செவ்வாய் இரவு 10.12

வணக்கமுங்க. மாய்ச்சரைசிங் பாடி வாஷ் பண்ணியிருக்கேன். நுரை நல்லா வருது, வாசனையும் அருமை. ஆனா எத்தனை சொம்பு தண்ணி ஊத்துனாலும் வழவழன்னு உடம்புலயே நிக்குது. துவட்டி அஞ்சு நிமிஷத்துல கழுத்தும் முழங்கை மடிப்பும் பிசுபிசுங்குது. சனிக்கிழமை 40 பாட்டில் குடுக்கணும், கல்யாணத் தாம்பூலப் பைக்கு. என்ன சேர்த்தா இது போகும்? எல்லாம் வழக்கமா போடறதுதான் போட்டிருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க.

கடலோரம் | 10.31

வழக்கமா போடறதுன்னா எதுங்க? எஸ்எல்ஈஎஸ்ஸா (கடையில விக்கிற நுரைக்கிற ரசாயனம்), இல்ல எண்ணெயைப் பொட்டாஷ்ல காய்ச்சின திரவ சோப்பா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

போர்தண்ணி | 10.40

இது தண்ணி பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். எந்த ஊர் நீங்க? மெதுநீர்ல, அதாவது கால்சியம் குறைஞ்ச தண்ணியில குளிச்சா எதைப் போட்டாலும் வழுக்கும். எங்க அபார்ட்மென்ட்ல கடினநீரை மெதுநீராக்கற சாஃப்ட்னர் வெச்ச முதல் வாரம் எல்லா வீட்டுலயும் இதே புகார், சோப்பு போகலை போகலைன்னு. டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்புகளோட மொத்த அளவு) எவ்வளவுன்னு பாருங்க.

கல்தராசு | 10.52

டிடிஎஸ் பார்த்து இதுக்குப் பிரயோஜனம் இல்லை நண்பரே. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தைக் குடுக்குது, அதனால மீட்டர்ல எண் பெருசா மாறாது. மீன் தொட்டிக் கடையில விக்கிற ஹார்ட்னஸ் கிட் வாங்கலாம். அதுவும் இல்லேன்னா பாதி பாட்டில் தண்ணியில சாதா குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்கணும். தயிர் திரிஞ்ச மாதிரி மிதந்தா கடினநீர், நுரை பொங்கி நின்னா மெதுநீர்.

நுரைப்பூ, ஃபார்முலாவைக் கிராம்ல போடுங்க. கப், ஸ்பூன் கணக்கு வேண்டாம்.

சட்டிப்பானை | 11.05

கிளிசரின் கூடிப்போச்சு. பிசுபிசுப்புன்னாலே கிளிசரின்தான். 2 சதவீதத்துக்கு மேல போடவே கூடாது. நான் ஏழு வருஷமா பண்றேன்.

பழையலேப் | 11.48

அடிக்கடி வர்ற கேள்வி. பழைய இழைகள்ல பதில் இருக்கு, யாரும் தேடிப் படிக்கிறதில்லை. ஃபார்முலா இல்ல, பிஎச் இல்ல, தண்ணி விவரம் இல்ல, எப்போ செஞ்சதுன்னு இல்ல. ஆனா சனிக்கிழமை 40 பேர் கையில போகப்போகுது. சதவீதம் எழுதப் பழகாதவங்க முதல்ல அதைப் பழகணும், அப்புறம்தான் விற்பனை. லைசென்ஸ் இருக்கா? 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகள்படி விற்பனைக்குத் தயாரிக்க சிஓஎஸ் 8 படிவத்துல உரிமம் வேணும்.

அரப்பிலை | புதன் காலை 6.15

ஏம்மா இவ்வளவு கஷ்டம்? பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் காயவெச்சு அரைச்சு நலங்கு மாவாக் குடுத்துடுங்க. தாம்பூலப் பையில வெச்சா மங்களகரமாவும் இருக்கும். எஸ்எல்ஈஎஸ் எல்லாம் தோலுக்கு விஷம்.

கடலோரம் | 7.02

விஷம்னு சொல்லாதீங்க அக்கா. எஸ்எல்எஸ் வேற, எஸ்எல்ஈஎஸ் வேற. எத்திலீன் ஆக்சைடு சேர்த்து மென்மையாக்கினதுதான் எஸ்எல்ஈஎஸ். கூடவே சிஏபிபிங்கற மென்மையான நுரைப்பான் போட்டா தோல் எரிச்சல் இன்னும் குறையும்.

அரப்பிலை | 7.20

அந்த எத்திலீன் ஆக்சைடு சேர்க்கறப்பதானே டயாக்சேன்ங்கற நச்சு வருது? அதையும் சொல்லுங்க தம்பி.

கடலோரம் | 7.41

வருது, மறுக்கலை. 1,4-டயாக்சேன் உப பொருளாத் துளி வரும். நல்ல உற்பத்தியாளர் அதை வெற்றிடத்துல இழுத்து எடுத்துடுவாங்க. நியூயார்க் மாநிலத்துல 2023 முடிவுலேருந்து பாடி வாஷ் மாதிரிப் பொருள்ல 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல ஒரு பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு வரம்பு. வாங்கற டீலர்கிட்ட சிஓஏ, அதாவது பரிசோதனைச் சான்று கேளுங்க, அதுல அளவு இருக்கான்னு பாருங்க. விஷம்னு ஒரே சொல்லுல முடிச்சா, சல்ஃபேட் ஃப்ரீன்னு பாட்டில்ல எழுதி உள்ள ஏஓஎஸ்ங்கற வேற நுரைப்பான் ஊத்தி விக்கறவங்களுக்குத்தான் லாபம். அது சல்ஃபோனேட், அதனால எழுதினது பொய்யில்ல. ஆனா குளிச்சு முடிச்சதும் தோல் வறவறன்னு இழுக்கும்.

நுரைப்பூ | 8.10

மன்னிக்கணும், ராத்திரி தூங்கிட்டேன். 5 கிலோவுக்குப் போட்டது இது:

எஸ்எல்ஈஎஸ் பேஸ்ட் (70%) 700 கிராம், சிஏபிபி 500, சிடிஇஏ (நுரையும் கெட்டித்தன்மையும் கூட்ட) 100, கிளிசரின் 750, பாலிகுவாட் 7 (தோலை மிருதுவாக்கற பாலிமர்) 250, கேட்டயானிக் குவார் (அதே வேலைக்கான கொத்தவரைப் பிசின்) 20, வீட்டுக் கத்தாழை அரைச்சு வடிகட்டினது 200, தேங்காய் எண்ணெய் 50, வாசனை 40, உப்பு கெட்டியாகற வரைக்கும், மீதி ஆர்ஓ தண்ணி.

பாலிகுவாட் ஒரு வீடியோவுல சொன்னாங்க, குவார் இன்னொரு வீடியோவுல. ரெண்டுமே மாய்ச்சரைசிங்னு சொன்னதால ரெண்டையும் போட்டேன். கோயம்புத்தூருங்க, வீட்டுல சிறுவாணித் தண்ணி.

போர்தண்ணி | 8.14

சிறுவாணி! சொன்னேன்ல? அதைவிட மெதுவான தண்ணி எங்க இருக்கு? ஃபார்முலாவுல ஒண்ணும் மாத்த வேண்டாம், வாடிக்கையாளருக்குப் போர் தண்ணியா இருந்தா வழுக்காது.

சட்டிப்பானை | 8.20

கிளிசரின் 15 சதவீதம்! நானும் சொன்னேன்ல.

கல்தராசு | 9.35

இப்போ கையில பிடி கிடைச்சிடுச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையாப் படிங்க.

நுரைக்கிற சரக்கு சரியா இருக்கு. பேஸ்ட்ல 490 கிராம், சிஏபிபியில 30% பிடிச்சா 150 கிராம், ஆக 5 கிலோவுல 12.8% ஆக்டிவ், அதாவது தண்ணி நீங்கலா நுரைக்கிற சரக்கு. பாடி வாஷுக்கு 10லேருந்து 15க்குள்ள இருந்தாப் போதும்.

கிளிசரின் தண்ணியில முழுக்கக் கரையும். உடம்புல போட்டு அரை நிமிஷத்துல கழுவினா பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகும். அதனால 15% போட்டும் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கூடலை, காசுதான் போகுது. இன்னொரு தொல்லை, அது உப்பு குடுக்கற கெட்டித்தன்மையைக் குறைக்கும், நீங்க கூடுதல் உப்பு போட வேண்டிவரும். 4% போதும். ஆனா சட்டிப்பானை அண்ணன் சொல்ற மாதிரி பிசுக்குக்கு முதல் குற்றவாளி அது இல்லை.

குற்றவாளி பாலிமர். பாலிகுவாட் 7, கேட்டயானிக் குவார் ரெண்டும் நேர்மின்னூட்டம் உள்ளது, எஸ்எல்ஈஎஸ் எதிர்மின்னூட்டம். பாட்டில்ல கெட்டியா இருக்கறப்ப சேர்ந்து கரைஞ்சு கிடக்கும். நீங்க தண்ணி ஊத்தி நீர்க்கவிடற நேரத்துல ரெண்டும் கூடிப் பிரிஞ்சு மெல்லிசா ஒரு படலம் தோல்ல படியும். கழுவின பின்னாடி மிருதுவாத் தெரியறது அதாலதான். அளவு மீறினா அதே படலம்தான் வழவழப்பு, காய்ஞ்சா பிசுக்கு. ஆக ரெண்டும் ஒரே பொருளோட வேலை, அளவுதான் வித்தியாசம். கடையில வர்ற பாலிகுவாட் 7 ஏறக்குறைய 10% கரைசல், அதுல 1லேருந்து 2% போட்டாலே நிறைவா இருக்கும். குவார்னா 0.1லேருந்து 0.3. நீங்க 5%, 0.4% ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தியிருக்கீங்க.

கண்ணால பார்க்கணுமா? மினுமினுப்புக்கான பியர்ல் போடாத தெளிவான பாட்ச்னா, ஒரு ஸ்பூன் வாஷை டம்ளர்ல விட்டு ஒன்பது ஸ்பூன் தண்ணியை மெதுவா ஊத்துங்க. கஞ்சித் தண்ணி மாதிரி மங்கினா அதுதான் படிகிற சமாச்சாரம்.

போர்தண்ணி சொல்றதுலயும் பாதி உண்மை உண்டு. மெதுநீர்ல எந்த வழுக்கலும் தூக்கலாத் தெரியும். சாதா சோப்பு கடினநீர்ல கால்சியத்தோட சேர்ந்து திரிஞ்சு கிறீச்சுன்னு தேயும், நாம அதைச் சுத்தம்னு பழகிட்டோம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது போர் தண்ணி ஊர்ல இருந்தா அவங்க கையில போட்டுக் கேளுங்க. தண்ணியா பாலிமரான்னு தெரிஞ்சிடும்.

இன்னிக்கே 100 கிராம் வீதம் மூணு டம்ளர் செய்யுங்க. ஒண்ணு குவார் இல்லாம, பாலிகுவாட் 1%. ரெண்டாவது ரெண்டுமே இல்லாம. மூணாவது இப்போ உள்ள பாலிமர் அளவு, கிளிசரின் மட்டும் 4%. இடது முழங்கையில ஒண்ணு, வலதுல ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே அளவு, ஒரே சொம்புத் தண்ணி. ஈரத்துல ஒருதரம், காய்ஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு ஒருதரம் தடவிப் பாருங்க. உப்பைத் தூளாப் போடாதீங்க. 20% கரைசல் வெச்சு சிரிஞ்சால ஒவ்வொரு மில்லியா விடுங்க, அதாவது 100 கிராமுக்கு 0.2%. உச்சத்துக்குப் போன பிறகு இன்னும் விட்டா கெட்டியாகாம தண்ணியாயிடும், போட்ட உப்பைத் திரும்ப எடுக்க வழியில்ல.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நுரையைத் தின்னும், நாளாக ஆக மேல வளையமா மிதக்கும். எண்ணெய் உணர்வு வேணும்னா தண்ணியில கரையற பெக் 7 கிளிசரில் கோகோயேட் 1லேருந்து 2%. கடைசியா பிஎச்: சிடிஇஏ காரத்தன்மை கொண்டது, சிட்ரிக் ஆசிட் கரைசலால 5.5க்குக் கொண்டு வாங்க.

பழையலேப் | 10.20

கல்தராசு பாலிமரைப் பிடிச்சது சரி. அதைவிடப் பெரிய ஓட்டையை யாரும் பார்க்கலையா? பட்டியலை இன்னொருதரம் வாசிங்க. பிரிசர்வேட்டிவ், கெடாம காக்கற பொருள், எங்க? 70% பேஸ்ட் தன்னைத்தானே காப்பாத்திக்கும், 12%க்கு நீர்த்ததும் காப்பாத்திக்காது. அதுலயும் பச்சைக் கத்தாழை 4%. கிருமிக்கு விருந்து. சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா இந்த மாதிரி ஷாம்பு, வாஷ்லதான் வளரும், வாசனை மாறாமலே வளரும். எப்போ செஞ்சீங்க இந்த 5 கிலோ?

அரப்பிலை | 10.45

இதுக்குத்தான் மாவு மாவுங்கறேன். உலர்ந்த பொருள்ல தண்ணி இல்ல, கெடறதுக்கு வழியும் இல்ல. அரப்புல இயற்கையாவே நுரைக்கிற சத்து இருக்கு.

பழையலேப் | 10.58

தண்ணி இல்லாத பொருளுக்கு அது சரி. இதை ஒத்துக்கறேன். ஆனா ஈரக் கையால அள்ளி, குளியலறையில திறந்துவெச்ச டப்பான்னா பத்தாவது நாள் பூசணம் பிடிக்கும்.

அரப்பிலை | 11.10

எங்க வீட்டுல அப்படி யாரும் வைக்கமாட்டோம் சார். ஒரு வேளைக்கு வேணுங்கறதைக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டுப் போவோம்.

சட்டிப்பானை | 11.32

கிளிசரினைக் குறைச்சா பிசுக்கு போகும். எழுதி வெச்சுக்குங்க.

கடலோரம் | 2.05

மூணாவது டம்ளர் அதைத்தானே சோதிக்குது அண்ணா, பொறுங்க.

நுரைப்பூ, பிரிசர்வேட்டிவ் பத்திச் சொல்றேன். பீனாக்சி எத்தனால்னா இங்க உச்சவரம்பு 1%. சோடியம் பென்சோயேட் பிஎச் 5க்குக் கீழ வந்தாத்தான் ஓரளவு வேலை செய்யும், 5.5ல அதை மட்டும் நம்பாதீங்க. ரெண்டையும் சேர்த்துப் போடறவங்க உண்டு. கத்தாழையை எடுத்துடுங்க, கழுவிப் போற பொருள்ல அதால பெருசா ஒண்ணும் இல்லை.

நுரைப்பூ | வியாழன் இரவு 9.26

எல்லாருக்கும் நன்றிங்க. மூணும் செஞ்சு பார்த்தேன். கிளிசரின் மட்டும் குறைச்சது அதே வழவழப்பு, பிசுக்கும் அப்படியே. பாலிமர் ரெண்டுமே இல்லாதது ரெண்டே சொம்புல போயிடுச்சு, ஆனா காய்ஞ்சதும் முழங்கை வெள்ளையாப் பூத்து இழுத்துச்சு. பாலிகுவாட் 1% மட்டும் போட்டதுதான் சரி, மூணு சொம்புல கழுவிடுது, காய்ஞ்ச பின்னாடி துணி ஒட்டலை. தங்கச்சி திருப்பூர்ல போர் தண்ணி, பழைய பாட்டில் அவ கையிலயும் வழுக்குச்சு, எனக்கிருக்கறதைவிடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். டம்ளர்ல தண்ணி ஊத்திப் பார்த்தேன், பழசு கஞ்சி மாதிரியே மங்குச்சு. புதுசு லேசாத்தான்.

ஒரு டம்ளர்ல உப்பு ஒரு மில்லி கூடிப்போய் தண்ணியாயிடுச்சு, நீங்க சொன்னபடியே. பாட்டில் ஒட்டற வேலை கிடக்கு, அப்புறம் வர்றேனுங்க.

கல்தராசு | 9.40

நல்ல சேதி. பாலிமர் கணக்குக்கு மட்டும் சொன்னா, பழசுல ஒரு பங்குக்குப் பாலிமர் இல்லாத புது பேஸ் மூணு பங்கு கலந்தா பாலிகுவாட் 1.25, குவார் 0.1ன்னு இறங்கும், வீணாகாது. ஆனா பழையலேப் கேட்டதுக்குப் பதில் வர்ற வரைக்கும் கலக்காதீங்க.

பழையலேப் | 9.44

கலக்கவே கூடாது. பிரிசர்வேட்டிவ் இல்லாம கத்தாழை போட்டு வெச்சதுன்னா அந்த 5 கிலோவைக் கொட்டிடும்மா. பேஸ்ட் திரும்ப வாங்கிக்கலாம். கல்யாண வீட்டுல கைக்குழந்தைங்க இருப்பாங்க, யாராவது அதுலயும் குளிப்பாட்டுவாங்க. புது பாட்ச்ல என்ன பிரிசர்வேட்டிவ், எவ்வளவு போட்டீங்க? அதை மட்டும் எழுதிட்டு வேலையைப் பாருங்க.

கடலோரம் | வெள்ளி காலை 8.05

நுரைப்பூ?

பழையலேப் | வெள்ளி இரவு 7.30

நாளைக்குச் சனிக்கிழமை. இங்க யாருக்காவது இவங்களைத் தெரிஞ்சா ஒரு ஃபோன் போட்டுச் சொல்லுங்க.