பைன்போனின் ஆறாவது சுவிட்ச் எதற்கு மூடிக்குள் இருக்கிறது?

சால்டர்_சாமி: “திறந்த வன்பொருள் போன் செங்கல் ஆகவே ஆகாது (மென்பொருள் கெட்டு எழாமல் போகாது), லினக்ஸ் ஓடும் பைன்போனே சாட்சி” என்று நேற்று இங்கே ஒரு மகான் எழுதியிருந்தார். போன் எழும்போது ஓடும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் கன்சோலைப் பார்க்க என்ன செய்ய வேண்டும் தெரியுமா? பின்மூடியைக் கழற்றி, வரிசையாக இருக்கும் ஆறு பொடிச் சுவிட்சுகளில் கடைசியை ஊசிமுனையால் தள்ள வேண்டும். அப்போதுதான் ஹெட்போன் ஜாக் யூஆர்ட்டாக, அதாவது சீரியல் கேபிள் செருகும் வாயாக, மாறும். இதுவா வசதி?

கர்னல்_காளை: அந்த மகான் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மூடிக்குத் திருகே கிடையாது, நகத்தால் திறக்கலாம். கணினியில் மினிகாம் என்ற சீரியல் நிரலை 115200 வேகத்தில் திறந்தால், போனை எழுப்பும் யூ-பூட் நிரலின் முதல் வரியிலிருந்தே ஓடும். மற்ற போன்களில் பலகையைப் பிரித்து, டெஸ்ட் பாயின்ட் தேடி, வயர் பற்றவைக்க வேண்டும்.

சால்டர்_சாமி: 2012-இல் வந்த நெக்சஸ் 4-இலும் ஹெட்போன் ஜாக் வழியாக சீரியல் உண்டு. மைக் முனையில் 3 வோல்ட் அளவுக்குக் கொடுத்தால் தானே மாறிக்கொள்ளும். மூடியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கூகுளுக்குத் தோன்றியது உங்கள் சுதந்திரப் போராளிகளுக்குத் தோன்றவில்லையா?

கர்னல்_காளை: தானே மாறினால் என் போனில் யார் வேண்டுமானாலும் கேபிளைச் செருகலாம். சுவிட்ச் என் கையில் இருக்கிறது.

சால்டர்_சாமி: கையில் இல்லை. மூடிக்குள் இருக்கிறது.

பழைய_நியோ: தம்பிகளா, 2008-இல் வந்த திறந்த போன் ஓப்பன்மோகோ ஃப்ரீரன்னரைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். அதற்கு முந்தைய 2007 மாடல் நியோ 1973-இல், நேண்ட் என்ற முதன்மைச் சேமிப்பில் உள்ள யூ-பூட் கெட்டுப்போனால், தனியாக இணைக்கும் டீபக் போர்டும் அதிலுள்ள ஜேடேக் இணைப்பும்தான் கதி. அடுத்த மாடலான ஃப்ரீரன்னரிலேயே நார் பிளாஷ் என்ற தனிச் சேமிப்புச் சிப் வைத்து அதில் இன்னொரு யூ-பூட் போட்டார்கள். டீபக் போர்டு இணைக்காமல் அதில் எழுதவே முடியாது. ஏயூஎக்ஸ் பொத்தானைப் பிடித்துக்கொண்டே பவரை அழுத்தினால் நார் மெனு வரும். டிஎஃப்யூ-யூடில் என்ற கணினி நிரலை வைத்து மொத்தத்தையும் மறுபடி எழுதலாம். சுவிட்சுக்காக அடித்துக்கொள்ளும் இருவருக்கும் இது தெரியுமா?

சால்டர்_சாமி: தெரியும் ஐயா. அதே ஃப்ரீரன்னரில் பேசினால் எதிர்முனைக்கு ரீங்காரம் கேட்டதும், அதற்காகப் பலகையில் பற்றவைப்பு வேலை பார்த்ததும் தெரியும்.

பழைய_நியோ: ரீங்காரத்தை யார் கேட்டார்கள்? மீட்பைப் பற்றிப் பேசுகிறேன். பேட்டரி பற்றிய பழைய விவாத இழையிலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

சால்டர்_சாமி: பேட்டரி இழையில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

புதுப்_பயல்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழைய பைன்போன் ஒன்று வாங்கினேன். ஸ்பீக்கரில் பாட்டு கேட்கிறது, ஹெட்போனில் மட்டும் வரவில்லை. டிரைவர் பிரச்சினையா?

கர்னல்_காளை: மூடியைத் திறந்து ஆறாவது சுவிட்சை ஆன் பக்கம் தள்ளுங்கள். முன்பு வைத்திருந்தவர் யூஆர்ட்டில் விட்டிருப்பார்.

சால்டர்_சாமி: ஹாஹா! பாட்டு கேட்கவும் மூடியைத் திறக்க வேண்டும். நான் வேறு என்ன சொல்ல?

கர்னல்_காளை: ஒருமுறை தள்ளினால் முடிந்தது. மீட்புக்கு அந்தச் சுவிட்சே தேவையில்லை. பைன்போனின் ஏ64 சிப் எழும்போது முதலில் எஸ்டி கார்டைத்தான் பார்க்கும். ஈஎம்எம்சி என்ற உள் சேமிப்பு முழுக்கக் குப்பையானாலும் கார்டு போட்டால் எழுந்துவிடும்.

சால்டர்_சாமி: கார்டு எங்கே செருகுவது? மூடிக்குள். பைன்போன் புரோ இன்னும் பிரமாதம்: முதலில் எஸ்பிஐ என்ற சிறு பிளாஷ், பிறகு ஈஎம்எம்சி, கடைசியில்தான் கார்டு. உள்ளே இருப்பது கெட்டால், அதைத் தாண்டிக் கார்டுக்குப் போக ஆர்ஈ பொத்தானைப் பிடிக்க வேண்டும். அது எங்கே? அதுவும் மூடிக்குள்.

கர்னல்_காளை: உங்கள் பிரச்சினை வன்பொருள் இல்லை, மூடி. டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பழைய_நியோ: ஃப்ரீரன்னரில் ஏயூஎக்ஸ் வெளியில்தான் இருந்தது. சும்மா சொல்கிறேன்.

சால்டர்_சாமி: இப்போது என் பக்கமா? ரீங்காரத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

புதுப்_பயல்: தள்ளினேன், வரவில்லை. இடமிருந்து ஆறாவதா, வலமிருந்தா?

கர்னல்_காளை: பலகையிலேயே எண் அச்சிட்டிருக்கும், பாருங்கள். சாமி, 3.3 வோல்ட் போர்ட்டில் 5 வோல்ட் கேபிளைச் செருகிவிட்டு “கன்சோல் வரவில்லை” என்று போன மாதம் அழுதது யார்?

சால்டர்_சாமி: அது வேறு இழை. இங்கே கேள்வி மூடி.